மிச்சம் வைக்காத படம்

எங்கள் ஸ்டுடியோவில் சொன்ன நாளில் படம் கைக்கு வந்ததாக ராமநாதபுரத்தில் ஒருவராவது சொல்லட்டும், நான் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரருக்கு வாயைத் திறந்தால் "நாளைக்கு வாங்க"தான். மேகம் மூடிக்கொண்டது, கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது, மதுரையிலிருந்து படம் கழுவுகிற மருந்து வந்து சேரவில்லை என்று தினம் ஒரு காரணம் சொல்வார். கல்யாணப் படம் கேட்டு அலைந்தவர்கள் கடைசியில் கைப்பிள்ளையோடு வந்து வாங்கிப் போனதும் உண்டு. அவர்கள் போடும் சத்தத்தை வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான். அவர் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

கீழக்கரை மரைக்காயர் வீட்டுப் பெண்களின் படம் என்றால் மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே முடித்து வைப்பார்.

சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கைக்குப் போக பாஸ்போர்ட் வேண்டும் என்று ஆனது. அதுவரை அந்த வீடுகளில் கொழும்புக்குப் போவதைப் பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோலப் பேசுவார்கள். பாஸ்போர்ட்டுக்குப் படம் ஒட்ட வேண்டும். வெளி ஆண் பார்க்காத முகத்தைப் படம் எடுக்க வேண்டுமே என்று பெரியவர்கள் யோசித்து, ஒரு ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் வீட்டிலேயே வைத்துப் படம் எடுக்கும்போது நான் கூடவே இருக்க வேண்டும். முடிந்த படத்தை நானே கொண்டுபோய் அந்த வீட்டுப் பெண்கள் கையில் கொடுக்க வேண்டும். பிரிண்டோடு பிளேட்டையும் கொடுத்துவிட வேண்டும். அப்போதெல்லாம் படம் முதலில் கண்ணாடியில்தான் விழும். அந்தக் கண்ணாடி பிளேட் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் இன்னொரு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். அதனால் வாங்கிய கையோடு என் கண் முன்னாலேயே அதை உடைத்துவிடுவார்கள்.

இப்படி எத்தனையோ வீடுகளுக்குப் போய் வந்தேன். அதில் ஒரு வீடுதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அந்த வீட்டில் ஒரே மகள். கல்யாணமான புதிது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை. படம் எடுத்த அன்று அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பிளேட்டை வீணாக்கினாள். என் வீட்டுக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து அதட்ட, அவள் இன்னும் சிரித்தாள். மூன்றாவது பிளேட்டில்தான் ஒருவழியாக உட்கார்ந்தாள்.

படம் கொடுக்கப் போன அன்று காலையில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. முதலில் போட்ட பிரிண்ட் ஒன்று கொஞ்சம் கறுத்துப்போயிருந்தது. மருந்தைச் சோதித்துப் பார்க்க ஆகும் என்று அவர் அதை ஒதுக்கி வைத்திருந்தார். எனக்கு வந்ததே கோபம். நம்பிக் கொடுத்தவர்கள் வீட்டுப் பெண்ணின் முகம் இங்கே கிடக்கலாமா என்று கத்திவிட்டு, அதையும் வீணான பிளேட்டுகளையும் சேர்த்துத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நான் அப்போது மாசமாக இருந்தேன். வழியெல்லாம் பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. வயிற்றைப் பிடிப்பதா, கண்ணாடியைப் பிடிப்பதா என்று தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் தாயார் பாஸ்போர்ட்டுக்கு வேண்டிய படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அடுப்பில் போட்டார். வீட்டில் உருவப்படம் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பிளேட்டுகளை அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் நொறுக்கினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வயித்துப் புள்ள மேல சொல்லுத்தா. வேற ஒண்ணும் உங்ககிட்ட இல்லையே?"

சொன்னேன். தயங்காமல் சொன்னேன். அந்தக் கறுத்த பிரிண்டைக்கூட விடாமல் கொண்டுவந்த பெருமை எனக்கு. அவர் மனம் குளிர்ந்து எனக்கு ஓலைப்பெட்டி நிறையத் தொதல் கொடுத்தனுப்பினார். அந்தத் தித்திப்பு நாலு நாள் வீட்டில் இருந்தது.

அந்தப் பெண் தனுஷ்கோடியில் கப்பலேறிப் போனாள். போய் ஒரு வருஷம் ஆவதற்குள் கொழும்பில் பிரசவத்தில் இறந்துபோனாள் என்று பஜாரில் சொன்னார்கள். குழந்தையும் தங்கவில்லை. கேட்டதும் எனக்கு அவளுடைய சிரிப்புதான் காதில் விழுந்தது. துக்கம் விசாரிக்கப் போக வேண்டும் என்று நினைத்தேன். எந்த முகத்தோடு போவது, நாம் யார் அவர்களுக்கு என்று அப்படியே இருந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் எங்கள் கடை வாசலில் திரை போட்ட கூண்டு வண்டி வந்து நின்றது. அந்த அம்மா இறங்கினார். பஜாருக்கு வந்தே பழக்கமில்லாதவர். நான் அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். என் வீட்டுக்காரர் பின்பக்கம் போய்விட்டார். நான் சத்தியம் செய்த பிள்ளை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஸ்போர்ட்டாவது திரும்பி வருமா என்று மாப்பிள்ளைக்கு எழுதிக் கேட்டார்களாம். இறந்தவர்களுடையதை அங்கே ஆபீஸிலேயே வாங்கிக்கொண்டார்கள் என்று பதில் வந்ததாம். அதைச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு சத்தியம் பண்ணுனியேத்தா, அது பொய்யா இருக்காதான்னு வந்தேன்."

ஊரை ஏமாற்றுகிற மனுஷன், நாளைக்கு நாளைக்கு என்று வாய் கூசாமல் பொய் சொல்கிற மனுஷன், இந்த ஒரு விஷயத்தில் ஏன் என் பேச்சைக் கேட்டுத் தொலைத்தார்? எனக்குத் தெரியாமல் அந்தக் கறுத்த பிரிண்டை மறைத்து வைத்திருக்கக் கூடாதா? அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. என்மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

"பொய்யில்லம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். படம் எப்படி இருந்தது, நீ நல்லாப் பார்த்தாயே என்று கேட்டார். நான் நினைவிலிருந்ததையெல்லாம் சொன்னேன். காதில் வரிசையாகப் போட்டிருந்த அலுக்கத்து, தோளைச் சுற்றிப் போர்த்திய பூப்போட்ட தாவணி, மடியில் விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்த விதம். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த நகையும் துணியும் எங்கிட்டதான் இருக்குத்தா. முகந்தான் வர மாட்டேங்குது."

வண்டி கிளம்பிய பிறகு பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அதன் முகத்தை விட்டு என் கண்ணை எடுக்க முடியவில்லை.