ஜன்னலில் ஒட்டிய தாள்

ஸுப்ரியா வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் அறை ஜன்னலைத் தடவிப் பார்க்கிறாள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாள் மூலையில் பெயர்ந்திருந்தால், கைப்பையிலிருந்து செல்லோடேப் எடுத்து ஒட்டுகிறாள். அதற்கப்புறம்தான், "அம்மா சாப்ட்டாளா மாமி?" என்று என்னைக் கேட்பாள்.

அவள் அம்மா கனகாம்பாளுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பகலில் பார்த்துக்கொள்ள நான் போகிறேன். மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் காயலும் படகுத்துறையும் தெரியும். திறப்பதில்லை.

ஸுப்ரியாவுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. கும்பளங்கி இறால் பண்ணைகளிலிருந்து நீர் கொண்டுவந்து, அதிலுள்ள பாக்டீரியாக்கள்மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறாள். அந்த ஒளி டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்த எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இழையைச் சரியாகப் படிக்க முடியாமல் பாக்டீரியா பெருகாது. ஆனால் பகல் வெளிச்சம் பட்டால் அதனுள் இருக்கும் ஒரு நொதி, அந்த வெளிச்சத்தின் பலத்தைக்கொண்டே ஒட்டைப் பிரித்துவிடும். இழை பழையபடி ஆகும். அதனால் அவள் பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளை அலுமினியத் தாளில் சுற்றி, மங்கிய மஞ்சள் விளக்கில் வேலை செய்கிறாள்.

"செத்துதுன்னு நெனச்சு வெளிச்சத்துல வெச்சா எழுந்து ஒக்காந்துக்கும் மாமி. கள்ளன்!" என்பாள், பள்ளிக்குப் போகாத பிள்ளையைத் திட்டுவதுபோல.

முதல் முறை மருந்து ஏற்றியபின், புற ஊதா விளக்கு வைத்த சுத்திகரிப்பானிலிருந்து கண்ணாடி ஜக்கில் தண்ணீர் பிடித்து, இதே ஜன்னலோரம் வெயிலில் வைத்தவள் அவள்தான். சில நாளில் கனகாம்பாளுக்குக் கடும் காய்ச்சல். தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போய்வந்தார். தண்ணீர்தான் காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. வெள்ளை அணு குறைந்தவர்களுக்குக் காய்ச்சல் எந்த வழியிலும் வரும். "வெளக்குல அடங்கினது வெயில்ல எழுந்துண்டிருக்கும். இதே ஜோலிதானே பண்றேன் மாமி. வேற யாருக்கும் தெரியலேன்னாலும் நேக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள். மறுநாள் தாள் ஒட்டினாள். இப்போது தண்ணீரை நான் காய்ச்சித்தான் தருகிறேன். தாள் மட்டும் போகவில்லை.

இருட்டில் கிடக்கும் நோயாளி பகலில் தூங்குவார், இரவில் விழிப்பார், சாப்பாட்டை மறுப்பார். கனகாம்பாளுக்கு அப்படித்தான் ஆயிற்று. எடை இன்னும் இறங்கினால் அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்தார்கள். தாளை எடு என்று ஸுப்ரியாவிடம் சொன்னேன். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கஞ்சியைக் கரண்டியில் நீட்டினாள். கனகாம்பாள் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு வாய் அம்மா."

"ராத்திரியாக்கும். ராத்திரி ஆரு கஞ்சி குடிப்பா?"

"விடிஞ்சு எத்தனை நேரமாச்சு! தாளாலதான் இருட்டு. வெளிச்சம் பட்டா பாக்டீரியா பொழைச்சுக்கும்னு சொன்னேனோல்லியோ?"

"சொன்னே. வெளிச்சம் பட்டா அதுக்கு நேராயி சொகமாயிடும்னே." கனகாம்பாள் மொட்டைத் தலையைத் தலையணையில் திருப்பி மகளைப் பார்த்தார். "ஏண்டீ, நேக்கு மட்டும் ஆகாதோ?"

ஸுப்ரியா கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். ஜன்னலருகே போய், மூலையில் நகத்தை நுழைத்து, தாளை ஒரே இழுப்பில் உரித்தாள். கொக்கியை உள்ளங்கையால் தட்டிக் கதவைத் தள்ளினாள். கனகாம்பாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாயைத் திறந்தார். நான் கஞ்சியை ஊட்டினேன்.

உரித்த தாளை ஸுப்ரியா எறியவில்லை. நான் காய்ச்சி வைத்திருந்த தண்ணீர் ஜக்கை அதில் கழுத்துவரை சுற்றி, வெயில் எட்டாதபடி கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தாள்.