இருப்பில் வராத ஃபியூஸ் கட்டை

என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையை வைத்திருக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், இரண்டு முனையிலும் செம்புத் தகடு, நடுவே ஒரு மெல்லிய கம்பி. விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது ஒரு பொருளே அல்ல. பீங்கான் தொழிற்பேட்டையில் இதை வண்டி வண்டியாகச் சுட்டு அடுக்குவார்கள். உடைந்ததைக் கொட்டியே ரோட்டுப் பள்ளங்களை மேடாக்கியிருக்கிறோம். ஆனால் என் மேசையில் இருக்கும் இந்தக் கட்டை அரசாங்கச் சொத்து. ஓய்வு பெற்ற அன்று பீரோ சாவி முதல் முத்திரை மைப் பெட்டி வரை பட்டியல் போட்டு ஒப்படைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வாங்கியவன் நான். இதை மட்டும் ஒப்படைக்கவில்லை. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். ஓய்வூதியத்தில் சாப்பிடுகிறவனுக்கு அந்த எச்சரிக்கை வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகளில், ஆவணங்களை எல்லாம் கணினியில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூடவே சர்வர் என்று ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. அதனுடன் வந்த கடிதத்தில், பெட்டி இருக்கும் அறை இருபத்து நான்கு டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று எழுதியிருந்தது. கத்திரி வெயிலில் எங்கள் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறிகள் அடுப்பை விசிறுவது போலத்தான் விசிறும். முப்பது வருடம் பணியாற்றிய எனக்கு எந்த விதியும் தராத சலுகையை நேற்று வந்த தகரப் பெட்டிக்குக் கொடுத்திருந்தார்கள். இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான். பழைய பதிவறையைக் காலி செய்து, சன்னல்களைப் பலகை வைத்து அடைத்து, இரண்டு ஏசி பொருத்தினோம். நான் அப்போது கண்காணிப்பாளர். அந்த அலுவலகத்தில் ஒரு குண்டூசி நகர்ந்தாலும் அது என் மேசை வழியாகத்தான் நகர வேண்டும்.

அந்த அறைக்கு ஒப்பந்த வேலையில் ஒரு பெண் வந்தார். எல்லோருக்கும் அவர் ஆபரேட்டர் அம்மா. வயது முப்பது இருக்கும். கம்மாபுரத்தை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து தினமும் மொபெட்டில் வருவார். கணினி படிப்பதற்கு முன்னால் தொழிற்பேட்டையில் சூளைக்குப் போகும் ஃபியூஸ் கட்டைகளுக்கு விளிம்பு தேய்க்கும் வேலையில் இருந்தவர். வந்த முதல் வாரத்திலேயே தன் செலவில் ஒரு வெப்பமானி வாங்கிச் சுவரில் மாட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அறையின் சூட்டைப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் குறித்துவைக்க ஆரம்பித்தார். யார் சொன்னது என்று கேட்டேன். "யாரும் சொல்லல சார். சூளைல அப்டித்தான் எழுதி வெப்பாங்க. சூளைக் கதவத் தொறந்தா உள்ள இருக்குற சூடு வெளிய போயிடும். இங்க தொறந்தா வெளிய இருக்குற சூடு உள்ள வந்துடுது. அவ்ளோதான் சார் வித்தியாசம்." எந்தப் பதிவேடும் பக்கச் சான்று இல்லாமல் செல்லாது என்று சொல்லி, நோட்டை வாங்கிப் பக்க எண் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தேன். கேலியாகத்தான் செய்தேன். அவர் அதை மரியாதையாக வாங்கிக்கொண்டு போனார்.

அவருக்குக் கொடுத்த வேலை, சுரங்கத்துக்காக எடுக்கப்படும் நிலங்களின் உரிமையாளர் பட்டியல். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நேரே பெயர், தகப்பனார் பெயர், பங்கு, ஆட்சேபணை மனு. நான்கு மாத வேலை. அந்தப் பட்டியலில் அவர் மாமனார் பெயரும் இருந்தது. ஒருநாள் பொதுவாகப் பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "நெலம் எப்டியும் போயிடும் சார். இந்த வேலயும் போயிட்டா வூட்ல ஒண்ணும் நிக்காது." அவர் சேர்ந்தபோது கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில் ஏழாவது பிரிவு ஒன்று உண்டு. கணினிக்கோ அதில் உள்ள விவரங்களுக்கோ ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் ஆபரேட்டரே பொறுப்பு, உடனடியாகப் பணிநீக்கம். அதை வரைந்தவன் நான். நல்ல வாசகம் என்று அப்போது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. விவரங்களைப் பிரதி எடுத்துவைக்க வெற்றுக் குறுந்தகடுகள் வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த கடிதம் என் மேசையில் விலைப்புள்ளிக்காகக் காத்திருந்தது. ஆக நான்கு மாத உழைப்பும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது.

சித்திரை பிறந்ததும் எங்கள் அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. அவர் பதவிக்கு ஏசி கிடையாது. அதற்கு இன்னும் இரண்டு படி ஏற வேண்டும். ஆனால் சர்வர் அறைக்குள் அவர் மேசையைப் போடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. விதி இல்லை என்று அவருக்கு எடுத்துச் சொன்னவனும் நான்தான். "கணினிப் பணிகளை நேரடியாக மேற்பார்வையிடும் பொருட்டு" என்று குறிப்பு எழுதி, கையெழுத்தும் வாங்கி, மேசையை உள்ளே தள்ள வைத்தேன். அவர் வந்ததும் அவரைப் பார்க்க வருகிறவர்களும் வந்தார்கள். வேப்பூரிலிருந்து, பெண்ணாடத்திலிருந்து, வெயிலில் வந்தவர்கள் காற்று வாங்கவே அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தார்கள். டீ வந்தது, வடை வந்தது, கதவு திறந்தபடியே இருந்தது. ஒரு ஏசி நேராகத் தன் பிடரியில் அடித்துத் தலைவலி வருகிறது என்று அதிகாரி அதை அணைத்துவிட்டார். ஆபரேட்டர் அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "சார், மெஷினுக்கு ஆவாது சார்." அதிகாரி சிரித்துக்கொண்டே வந்தவர்களைப் பார்த்து, "பாத்தீங்களா, இந்த ஆபீஸ்ல மனுசனுக்கு இல்லாத மதிப்பு மெஷினுக்கு இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் கோப்போடு நின்ற நானும் சிரித்தேன்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டியலை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டாவிட்டால் எல்லா மனுக்களையும் புதிதாக வாங்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று மேலிடம் எழுத்திலேயே சொல்லியிருந்தது. அதற்குள் தங்கள் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் கம்மாபுரம் பக்கத்து ஆட்கள் காலையிலிருந்தே வளாகத்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். மதியத்துக்குள் அச்சை ஆரம்பித்தால்தான் மாலைக்குள் முடியும். பன்னிரண்டு மணிக்கு நான் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது பதிவேட்டில் முப்பத்தொன்று என்று இருந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒற்றை ஏசியும் மின்னழுத்தம் குறைந்து அடிக்கடி நின்று நின்று ஓடியது. ஒன்றரை மணிக்கு முப்பத்து நான்கு. அதிகாரியும் விருந்தினர் நான்கு பேரும் உள்ளேயே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பெட்டி கத்த ஆரம்பித்தது. பீப், பீப் என்று, மூச்சு முட்டுகிற குழந்தையைப் போல.

ஆபரேட்டர் அம்மா என் மேசைக்கு ஓடிவந்தார். "சார், உள்ள அஞ்சு பேரு. ஒரு ஆளு ஒக்காந்தா ஒரு குண்டு பல்பு எரியுற சூடு சார். இன்னும் கால் மணி நேரம் போனா அது தானா நின்னுடும். நடுவுல நின்னா டிஸ்க்கு என்னாவும்னு எனக்கே தெரியாது. ரூம காலி பண்ணச் சொல்லி ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க சார்." எனக்கு முறை தெரியும். அதிகாரிக்கு எதிரான முறையீட்டை எழுத்து மூலம், உரிய வழியாக அனுப்ப வேண்டும். உரிய வழி என்பது அந்த அதிகாரி மூலமாக. அதைத்தான் அவரிடம் சொன்னேன். "அவரு வழியா அவருக்கேவா சார்?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பிப் போனார்.

நான் எழுந்து பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. பேனா மூடியைத் திருகித் திருகி உட்கார்ந்திருந்தேன். அலாரச் சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டது. மரத்தடியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். திடீரென்று சர்வர் அறைக்குள்ளிருந்து, "என்னய்யா இது, இருட்டாயிடுச்சு?" என்று அதிகாரியின் குரல். சன்னல் அடைத்த அறை. விளக்கு போனால் சோற்றுக்கும் குழம்புக்கும் வித்தியாசம் தெரியாது. ஆபரேட்டர் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "லைட்டு லைன்ல ஃபால்ட்டு சார். ஒயர்மேன் வந்து பாக்குற வரைக்கும் உள்ள இருக்காதீங்க சார், ஷாக்கு கீக்கு அடிச்சிடப் போவுது." ஷாக் என்ற சொல் வேலை செய்தது. ஐந்து பேரும் இலையும் கையுமாக வெளியே வந்தார்கள். அவர் கதவைச் சாத்தி உள்ளே தாழிட்டார். இரண்டாவது ஏசி உறுமுவது கேட்டது. ஏசிக்கும் கணினிக்கும் வேறு லைன்.

அலாரம் நிற்கவில்லை. இரண்டு மணி, இரண்டேகால். அதிகாரி என் எதிரில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, "ஏசி மட்டும் எப்டிய்யா ஓடுது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே அதுவரை தெரியாது. இரண்டரைக்குச் சற்று முன்னால் பீப் சத்தம் நின்றது. நின்ற அந்த நொடிதான் மிக மோசம். பெட்டி பிழைத்ததா, செத்ததா? நான் கதவையே பார்த்தேன். அதற்குப் பிறகு உள்ளேயிருந்து அச்சுப்பொறி கரகரவென்று காகிதம் இழுக்கும் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை.

ஐந்தரைக்குப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. அதன் மேல் ஆபரேட்டர் அம்மா ஃபியூஸ் கட்டையை வைத்தார். "லைட்டு லைனு கட்டைய நாந்தான் புடுங்குனேன் சார். ஃபால்ட்டு ஒண்ணும் இல்ல. எழுதிக்கோங்க. ஏழாவது பிரிவுல வருமா, வேற எதுலயாச்சும் வருமான்னு ஒங்களுக்குத்தான் தெரியும்." குரல் நடுங்கவில்லை. பிறகு கட்டையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "நான் வேல செஞ்ச யூனிட்டு கட்ட சார் இது. வெளிம்பு எவ்ளோ நைசா இருக்குது பாருங்க."

அவர் போன பிறகு கோப்பை எடுத்தேன். எந்த விதியில் வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று விதிகளில் வரும். ஆனால் எழுதியது இது: "பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு விளக்கு இணைப்பில் பழுது காணப்பட்டதால், பாதுகாப்பு கருதி என் வாய்மொழி உத்தரவின் பேரில் ஃபியூஸ் கட்டை அகற்றப்பட்டது." பணிக்காலத்தில் கோப்பில் நான் எழுதிய ஒரே பொய். கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் போட்டு, கட்டையை என் இழுப்பறையில் பூட்டினேன்.

மறுநாள் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. அதிகாரி டார்ச்சோடு போய், சர்வர் அறையில் பெட்டிக்குப் பின்னால் இருந்த மின்பலகையைப் பார்த்துவிட்டு வந்தார். "கட்டையே காணோமேய்யா. யாரு எடுத்தா?" அவர் கண் ஆபரேட்டர் அம்மா மேல் இருந்தது. கோப்பை நீட்டினேன். படித்தார். "சரி, கடைல ஒண்ணு வாங்கிச் சொருகிட வேண்டியதுதானே?" என்றார். நான் பணிவாக விளக்கினேன். கட்டடம் வேறு துறையுடையது. பழுது என்று பதிவாகிவிட்டது. அந்தத் துறை ஆய்வு செய்து, மதிப்பீடு தந்து, மூன்று விலைப்புள்ளி வாங்கி, ஒப்புதல் பெற்ற பிறகே கை வைக்கலாம். இடையில் வெளியாள் தொட்டு ஏதாவது தீப்பிடித்தால் விசாரணையில் முதல் பெயர் தங்களுடையதாக இருக்கும் சார். அவர் கோப்பை மூடிவிட்டார். மேசை பழைய இடத்துக்கே திரும்பியது.

ஃபியூஸ் கட்டையை லட்சக்கணக்கில் சுடும் ஊரில், அரசாங்க அலுவலகம் ஒன்றுக்கு ஒரே ஒரு கட்டை ஐந்து மாதமாகக் கிடைக்கவில்லை. அந்தத் துறையிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சிறு குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினேன். நான் கற்ற நடைமுறை முழுவதும் ஒரு வழியாகப் பயன்பட்ட காலம் அது. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை. திரையின் வெளிச்சத்திலும் ஒரு சின்ன எமர்ஜென்சி விளக்கிலும் ஆபரேட்டர் அம்மாதான் பட்டியலுக்கு வந்த திருத்தங்களை ஏற்றினார்; புரட்டாசியில் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். பதிவேட்டில் மட்டும் இருபத்து மூன்று, இருபத்து மூன்று, இருபத்து மூன்று.

ஐப்பசியில் அவர் ஒப்பந்தம் முடிந்தது. பட்டியல் வேலை நிறைவடைந்துவிட்டதால் சேவை தேவையில்லை என்று அதிகாரி பச்சை மையில் ஒரே வரி எழுதினார். அதில் விதிமீறல் எதுவும் இல்லை. நான் மூன்று முறை தேடிப் பார்த்தேன். ஆணையைத் தட்டச்சு செய்து கொடுத்ததும் நான்தான். ஆபரேட்டர் அம்மா அதை வாங்கி, படித்து, நகலில் கையெழுத்துப் போட்டார். வெப்பமானியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். பதிவேட்டை, பக்கச் சான்று உள்ளதால் அரசுடையது என்று சொல்லி என்னிடமே கொடுத்தார். கேலியாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் இழுப்பறையைத் திறந்து, இனி கட்டையைப் பலகையில் திரும்பப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சார். போட்டீங்கன்னா அவரு திரும்ப வந்து ஒக்காந்துருவாரு. அடுத்து வர்ற பொண்ணு பாவம்" என்றார். பிறகு, "போயிட்டு வரேன் சார்" என்றார். பெண்ணாடத்துப் பக்கம் எங்கோ வேலை கிடைத்ததாகப் பின்னால் ஒருவர் சொன்னார். நான் விசாரிக்கவில்லை.

போன மாதம் வந்த என் அண்ணன் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். பெரிய பெரிய கட்டடங்கள் முழுக்கக் கணினிகளாம். நாளுக்கு நாள் புதிதாகக் கட்டுகிறார்களாம். வெயில் ஏற ஏற அவற்றைக் குளிர வைப்பதுதான் பெரிய பாடாம். அதற்கே தண்ணீரும் மின்சாரமும் போதவில்லையாம். "உள்ள யாரும் சும்மா நிக்கக்கூட முடியாது சித்தப்பா. மனுசங்க சூடும் கணக்குல வருது" என்று புதிய விஞ்ஞானம் போலச் சொன்னான். தெரியும் என்றேன். அவன் நம்பவில்லை. பேசிக்கொண்டே மேசையிலிருந்த கட்டையை எடுத்துப் புரட்டினான். "நல்ல கட்டதானே, கம்பிகூட எரியல. எதுக்கு இத சும்மா வெச்சிருக்கீங்க?"

அதுதான் விஷயம். பழுது என்று நான் எழுதிக் கையெழுத்திட்ட அந்த இணைப்பின் கம்பி அறுந்துபோகவே இல்லை. யார் கையில் எடுத்துப் பார்த்தாலும் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதனால்தான் ஒப்படைக்கவில்லை. வெளியே கத்திரி வெயில் கொளுத்தியது. தலைக்கு மேல் விசிறி வெக்கைக் காற்றை இறைத்தது. கட்டையை அவன் கையிலிருந்து வாங்கிக் காகிதங்களின் மேல் திரும்ப வைத்தேன். விளிம்பு இன்னும் நைசாகத்தான் இருக்கிறது.