பலகையில் இல்லாத பன்னிரண்டாவது ஆள்

போளூரிலிருந்து மலையேறும் பாதையில் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளி. அதன் முகப்பில் ஒரு கறுப்புப் பலகை உண்டு. எட்டாம் வகுப்பில் எந்த ஆண்டு எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று வெள்ளைப் பெயிண்டில் வரிசையாக இருக்கும். எழுபதுகளின் கடைசியில் ஒரு வரி: எழுதியவர் பதினொன்று, தேறியவர் பதினொன்று, நூற்றுக்கு நூறு. அந்த வகுப்பில் நாங்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது ஆள் நான்.

இன்று இந்த மலையில் புளியானாலும் பலாவானாலும் என் லாரியில்தான் கீழே இறங்கும். மரத்தை அண்ணாந்து பார்த்தே எத்தனை மூட்டை தேறும் என்று சொல்லிவிடுவேன். ஒடுகத்தூர் மண்டிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளியிலும் மனக்கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பதில்தான் தடுமாற்றம்.

அப்போதைய தலைமை ஆசிரியரான பெரிய வாத்தியாரைச் சும்மா சொல்லக் கூடாது. பஸ் வராத நாளில் நடந்தே மலையேறி வருவார். முந்தின ஆண்டு பாதிப் பேர் தவறிப்போனதற்கு, ஆய்வுக்கு வந்த அதிகாரி எங்கள் எதிரிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். "இன்னாய்யா, இங்க பாடம் நடத்த வந்தியா, மாடு மேய்க்க வந்தியா?" மனிதர் முகம் செத்துப்போயிற்று. அந்த ஆண்டே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

மாசியில் புளி உலுக்கக் குடும்பத்தோடு காட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். பிள்ளைகளை அனுப்பவில்லை என்று வாத்தியார்கள் திட்டுவார்கள். அந்த ஆண்டு பெரிய வாத்தியாரே எங்கள் வீடு தேடி வந்தார்.

"புளி நேரமாச்சே, பையனை இட்டுக்கினு போப்பா. இதுல ஒரு கைநாட்டு வை, போதும்."

"லீவுங்களா சாமி?"

"ஆமாம்ப்பா, லீவுதான்."

அப்பாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஒரு முறம் சாமையும் ஒரு புட்டித் தேனும் கொடுத்து அனுப்பினார். "வாத்தியார்னா இப்டி இருக்கணும்டா" என்று காட்டுவழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தத் தாள் என் கண்ணெதிரில்தான் இருந்தது. எழுத்துக்கூட்டியாவது படித்திருக்கலாம். லீவு கிடைத்த சந்தோஷத்தில் நான் கொக்கிக்கழியை எடுக்க ஓடிவிட்டேன்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது திரும்பிப் போனேன். பெரிய வாத்தியார் பதினோரு பேரைக் கூப்பிட்டுவிட்டுப் பதிவேட்டை மூடினார்.

"என் பேரு, சார்?"

"நீ பள்ளிக்கூடத்த விட்டு நின்னுட்டடா. உங்கப்பனே எழுதிக் குடுத்துட்டான்."

அப்பா ஓடி வந்தார். "லீவுன்னுதானே சொன்னீங்க சாமி?"

வாத்தியார் நிமிரவில்லை. "உன் பையன் தவறிட்டா மேலேந்து எனக்குக் கேள்வி வரும்ப்பா. அடுத்த வருசம் வரட்டும், சேத்துக்கறேன்."

அடுத்த வருடம் நான் போளூரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அப்பா சாகும்வரை வேறு எந்தத் தாளிலும் விரல் வைக்கவில்லை, ரேஷன் கார்டுக்குக்கூட.

போன மாதம் பலகைக்குப் பெயிண்ட் அடிக்க உதவி கேட்டு இப்போதைய தலைமை ஆசிரியை வந்தார். நான் எவ்வளவோ செய்திருக்கிற பள்ளி. "அடிச்சிடலாம்மா. அந்த வருசத்துக்குப் பக்கத்துல, படிச்சவங்க பன்னெண்டு பேர்னு ஒரு வார்த்தை எழுதணும்" என்றேன். அவர் பழைய தாள் கட்டைத் தேடி எடுத்துப் பிரித்துக் காட்டினார்.

"நீங்க பரீட்சைக்கு முன்னாடியே நின்னுட்டதா இருக்குதுங்களே ஐயா. இதோ, உங்கப்பா கைரேகை."

ஊதா மை வெளுத்திருந்தது. புளி உலுக்கித் தேய்ந்த கட்டைவிரல், ரேகையே சரியாக விழவில்லை. கட்டை மூடிக் கொடுத்துவிட்டு, பெயிண்டுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

இப்போது பஸ்ஸிலிருந்தே பலகை பளிச்சென்று தெரிகிறது. என் பெயிண்ட்தான். எழுதியவர் பதினொன்று, தேறியவர் பதினொன்று, நூற்றுக்கு நூறு.