பென்சிலில் இருந்த கழிப்பறை

நகராட்சி அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வரைபடம் போடுகிறவருக்கு ‘ஸ்கேல்’ என்று பட்டப்பெயர். கோடு ஒரு மயிரிழை விலகினாலும் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்பேர்ப்பட்டவர் தெரிந்தே ஒரு தப்பு செய்தார்.

சந்தைத் தெருவைத் திருத்தி அமைக்கப் போகிறார்கள், தெருக்காரர்களே வரையட்டும் என்று உத்தரவு வந்தது. பள்ளிக்கூடத்துக் கூடத்தில் பெரிய தாளை விரித்து ஆளுக்கொரு பென்சில் கொடுத்தார்கள். ஜனங்கள் பென்சிலில் வரைவார்கள். ஸ்கேல் அதை மையில் ஏற்றுவார். மை ஏறியதுதான் திட்டம்.

மருந்துக்கடைக்காரர் மரங்கள் போட்டார். காய்கறி விற்கிற பெண் ஒருவர் முழங்காலிட்டு, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் கோணலாக ஒரு கட்டம் போட்டார்.

“என்னம்மா இது, பஸ் ஸ்டாண்டா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“கக்கூஸுங்க. பொம்பளைங்களுக்கு. காலையில ஆறு மணிக்கு வந்து உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் அடக்கிக்கிட்டே கிடக்கிறோம். தண்ணி குடிக்கவே பயமா இருக்கு.”

கூடம் சிரித்தது. ஸ்கேலும் சிரித்தார்.

அந்தப் பெண் அவருடைய கூடப்பிறந்த அக்கா. அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது, தெரியாமல் பார்த்துக்கொண்டார். அக்காவும் அன்று தம்பியைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வெயிலில் உட்கார்ந்து உழைக்கிறவர், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கௌரவத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமாம். என்ன கௌரவமோ!

மறுநாள் மை ஏற்றும்போது அந்தக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. கூடத்தின் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. யாரும் அழிக்கச் சொல்லவில்லை. ரப்பரை எடுத்து அவரே அழித்தார். அளவுக்குப் பொருந்தவில்லை என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டு, அங்கே ‘ஸ்கூட்டர் நிறுத்தம்’ என்று எழுதினார். வண்டி நிற்க இடம் உண்டு, மனுஷி ஒதுங்க இடமில்லை. இதற்குப் பெயர் மக்கள் பங்கேற்பு!

பத்து நாள் கழித்து, மையேற்றிய படத்தை அதே கூடத்தில் மாட்டினார்கள். தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் வேலை தொடங்கிவிடும். அக்கா படத்தில் விரல் வைத்துத் தேடினார்.

“இங்கதானே வரைஞ்சேன், காணோமே?”

“இடம் பத்தியிருக்காதும்மா,” என்றார் படத்தோடு வந்திருந்த நகராட்சிப் பொறியாளர்.

“ஸ்கூட்டருக்குப் பத்துது, எங்களுக்குப் பத்தலையா? ஸ்கூட்டருக்கு என்ன, வயித்தையா கலக்குது? அடியே, எவளும் கையெழுத்துப் போடாதீங்கடி!”

பின்னால் நின்ற மீன்காரப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

பொறியாளர் எரிந்து விழுந்தார். “நீ வரைஞ்சதுக்கு என்னம்மா அத்தாட்சி? வரையாததை வரைஞ்சேன்னு சொல்லி வேலையைக் கெடுக்காதே.”

பொய்க்காரி என்றுதான் அதற்கு அர்த்தம். அக்கா அப்போதும் தம்பியின் பக்கம் திரும்பவில்லை.

“வரைஞ்சாங்க சார்,” என்றார் ஸ்கேல். “நான்தான் அழிச்சேன். இவங்க… எங்க அக்கா.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை.

“அப்ப வரைஞ்சு தொலைங்க,” என்றார் பொறியாளர்.

ஸ்கேல் படத்தைக் கழற்றி மேசையில் விரித்து, ஸ்கூட்டர் நிறுத்தத்தை பிளேடால் சுரண்டினார். கட்டத்தை மையில் போட்டார்.

“அக்கா, என்னை மன்னிச்சிடு.”

“அதை வீட்டுல பேசிக்கலாம். தண்ணிக் குழாய் எங்கடா? வெறும் நாலு சுவத்தைக் கட்டிட்டுப் போயிடுவாங்க.”

குழாயை வரைந்தார். வரைந்து முடித்த பிறகும் தலையைத் தூக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து, குனிந்திருந்தவரின் கைக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.