நர்ஸம்மாவின் கல்

புதன்கிழமை விடிந்ததும் கிளமென்ட் மொபெட்டை உதைத்துக் கிளப்புகிறார். இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஈரத்துணியால் துடைத்து, பழைய இடத்திலேயே நிறுத்துகிறார். ஓட்டுவதில்லை. ஓட்டவும் வராது. நாற்பது வருடம் உழவு டிராக்டர் ஓட்டிய மனிதருக்கு இரண்டு சக்கரத்தில் ஏறினால் கால் நடுங்கும். பக்கத்து வீட்டிலிருந்து நான் கேலி செய்தால், "அது அவ வண்டி சார். எனக்கு எதுக்கு?" என்பார்.

அவர் சொல்வது மனைவி அனிட்டாவை. திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றி ஏழு ஊர்களுக்கு முப்பத்தோரு வருடம் கிராம செவிலியர்; ஊருக்கு நர்ஸம்மா. புதன்கிழமை தடுப்பூசி நாள். மருந்துப் பெட்டியோடு அந்த மொபெட் தெருமுனையில் திரும்பினால் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் ஒளியும். என் மகள்கள் இருவரையும் அங்கிருந்து இழுத்து ஊசி போட்டவர் அவர்தான். ஓய்வு பெற்ற மறுவருடமே, போன ஜனவரியில், மாரடைப்பில் போய்விட்டார். எனக்கே இன்னும் மனது ஆறவில்லை.

ஒரு ஐப்பசியில் வாய்க்கால் உடைந்து சாலை முழுக்கத் தண்ணீர். கடைசித் தெருவில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி. கிளமென்ட் டிராக்டரில் சேற்றுக்கான கேஜ் வீலை மாட்டி, நட்ட வயல் வழியாகவே அனிட்டாவைக் கொண்டுபோய் இறக்கினார். "வயக்காரரு திட்டுனாரு. திட்டட்டும்னு விட்டுட்டேன். புள்ள அழுவுற சத்தம் கேட்ட பொறவுதான் இஞ்சின ஆஃப் பண்ணேன்."

கல்லறைத் திருநாளுக்குள் அனிட்டாவுக்குக் கல் பதித்துவிட வேண்டும் என்று கிளமென்ட் ஒற்றைக்காலில் நின்றார். தஞ்சாவூரில் கல் கடை வைத்திருக்கும் சமீர் கொண்டுவந்த முதல் கல்லில், 'அனிட்டா, கிளமென்டின் மனைவி' என்றிருந்தது. வாசகம் எழுதிக் கொடுத்தவர் கிளமென்டின் அண்ணன் அடைக்கலசாமி. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பெண்களின் கல் எல்லாம் அப்படித்தான். யார் மகள், யார் மனைவி என்பதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. கிளமென்ட் கல்லை இறக்கவே விடவில்லை. வந்த வேனிலேயே திருப்பி அனுப்பினார்.

"புருசன் பேரு இல்லாம பொம்பளைக்குக் கல்லாடா? ஊரு சிரிக்கும்" என்றார் அடைக்கலசாமி.

"அவ எம் பொண்டாட்டின்னு ஊருக்கே தெரியும்ணே. அவ பாத்த வேலைதான் கல்லுல வரணும்."

அண்ணன் இரண்டு மாதம் பேசவில்லை. தம்பியும் சமாதானத்துக்குப் போகவில்லை. புதன்கிழமைதோறும் மொபெட் சத்தம் மட்டும் கேட்டது.

திருநாளுக்கு முதல் நாள் காலையில் இரண்டாவது கல் பதிந்தது. 'அனிட்டா. கிராம செவிலியர். ஏழு ஊர்கள், முப்பத்தோரு வருடம்.' அடைக்கலசாமியும் வந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். கல்லின் கீழ்ப்பாதியில் எழுத்தே இல்லை.

"இத ஏன்யா சும்மா விடச் சொன்னீங்க?" என்று கேட்டார் சமீர்.

"அது எனக்கு, தம்பி. நாளைக்கு நானும் இதே குழிக்குத்தானே வரணும்? அந்தச் சாக்பீஸக் கொடுங்க."

கிளமென்ட் அண்ணனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு முழங்காலிட்டு, வெறும் கல்லில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'கிளமென்ட், அனிட்டாவின் கணவர்.'