மிதியின் மேல் வைத்த செங்கல்

1930களில் ஜொகூர் பாருவில் ஒரு நியான் விளக்குப் பட்டறையில் அத்தானும் நானும் வேலை செய்தோம். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி எழுத்துகளாக வளைப்பார். பிறகு குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்பு இழுக்க இழுக்க, பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தை உள்ளே பாய்ச்சுவோம். அந்தச் சூட்டில் உள்ளழுக்கு வெளியேறிய பிறகுதான் வாயுவை அடைக்க முடியும்.

மின்சாரத்துக்கு ஒரு கால்மிதி உண்டு. மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். மிதித்துக்கொண்டிருப்பவனுக்குக் குழாய் கைக்கு எட்டாது. தவுக்கே என்று நாங்கள் அழைத்த சீன முதலாளிக்கு ஓர் ஆள் சும்மா நிற்பதாகப் பட்டது. மிதியின் மேல் செங்கல்லை வைக்கச் சொன்னார். வைத்தோம்; நாளடைவில் பயம் விட்டுப்போனது.

ஒரு மழைநாள் மத்தியானம் குழாயின் முனையிலிருந்து கம்பி நழுவியது. அத்தான் ஏதோ பேசிக்கொண்டே கையை நீட்டினார்.

"தொடாதீங்க அத்தான்."

அதற்குள் தொட்டுவிட்டார். சத்தமே இல்லை. உடம்பு விறைத்து நின்றது. ஓடிப்போய்ச் செங்கல்லை உதைத்துத் தள்ளினேன். அத்தான் சரிந்தார். கருகல் வாடை அறையெங்கும் பரவியது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் அக்கா பட்டறைக்கு வந்தாள். "எந்தக் கல்லு தம்பி?" என்றாள். காட்டினேன். அதைத் தூக்கித் தவுக்கேயின் மேசைமேல் வைத்தாள்.

"அவரு மகன அங்க நிக்க வைப்பாரான்னு கேளு."

மலாயில் கேட்டேன். அந்த வாரமே எந்திரத்தைச் சுற்றி மரவேலி வந்தது. வேலிக்கதவைத் திறந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடும்.

காயம் ஆறியதும் அத்தான் திரும்பி வந்தார். சில மாதம் போயிருக்கும். ஒருநாள் பார்க்கிறேன், கதவு திறந்து கிடக்கிறது, எந்திரம் ஓடுகிறது. கதவு திறந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சை யாரோ கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"யாரு கட்டுனது?"

"நான்தான்லா," என்றார் அத்தான். "தொறக்குறப்பல்லாம் நின்னு போகுது. வேலை எப்ப முடியுறது?"

மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கயிற்றை அறுத்தேன். சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "இனி அங்க போவ வேணாம்," என்று மட்டும் அத்தானிடம் சொன்னாள்.

சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கடையில் அத்தானுக்கு வேலை கிடைத்தது. நான் அவரைப் பார்க்கப் போனால் சாப்பிடச் சொல்வார். ஆனால் பழையபடி என்னோடு பேசவே இல்லை.