வித்தியாசம் இருக்கு

எங்கள் அண்ணி வாயைத் திறந்தால் வித்தியாசம்தான். துணி ஆலையில் சாயம் ஏறி வருகிற துணியை விளக்குப் பெட்டிக்குள் வைத்து, மாதிரித் துண்டோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஒத்துப்போனால் பேசமாட்டாள். இல்லையென்றால், "வித்தியாசம் இருக்கு." அதற்குமேல் யாரும் வாயைத் திறக்க முடியாது.

வீட்டிலும் அதே சொல்தான். நான் பொய் சொன்னால், "குரல்ல வித்தியாசம் தெரியுதே" என்பாள். எதிர்வீட்டுக்காரரை "அந்தாளு ஒரு வித்தியாசமான பிறவி" என்பாள், அது திட்டு. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள், தன் மகளுக்கும் எனக்கும் வித்தியாசம் பார்த்ததே இல்லை. இதை அவள் சொல்லிக்காட்டியதில்லை, நான் சொல்கிறேன்.

அண்ணன் படுத்த படுக்கையான பிறகு அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அந்த நேரம் பார்த்தா அவள் கண் மங்க வேண்டும்? டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"கண்ணுன்னு சொல்லி லீவு கேட்டா, அடுத்த நாளே வேற ஆளை உட்கார வெச்சிடுவாங்க. நீ வாயை மூடு."

தப்பான துணியைச் சரியென்று விட்டு மாட்டிக்கொள்வதைவிட, திருப்பி அனுப்பிவிடுவதே மேல் என்று நினைத்துவிட்டாள். வந்த துணிக்கெல்லாம் வித்தியாசம் இருக்கு. சாயப் பிரிவில் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அதே ஆலையில் துணி வெட்டும் மேஜையில் வேலை பார்த்த என்னிடம் சூப்பர்வைசர் வந்தார். ஒரே ரோலிலிருந்து இரண்டு துண்டு வெட்டிக் கேட்டார். எதற்கென்று புரிந்துவிட்டது. ஆனாலும் வெட்டிக் கொடுத்தேன். பாவி, வேறென்ன செய்வேன்?

"ரெண்டும் ஒண்ணா, வேறயான்னு பார்த்துச் சொல்லுங்கம்மா" என்று அவர் அண்ணியின் விளக்குப் பெட்டிக்குள் வைத்தார்.

அண்ணி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அவரோடு வந்து பின்னால் நின்ற என் முகத்தை நேராகப் பார்த்தாள். வித்தியாசம் இல்லை, இல்லை என்று கழுத்து வலிக்கத் தலையை ஆட்டினேன்.

"வித்தியாசம் இருக்கு" என்றாள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஒரே துணிம்மா. உங்க நாத்தனார்தான் வெட்டினாங்க. நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

ஆலை வாசலில் என் கையை உதறினாள்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தியேடி. வந்து ஒரு சாடை காட்டியிருக்கக் கூடாதா?"

"காட்டினேன் அண்ணி. என்னைப் பார்த்துக்கிட்டேதானே சொன்னீங்க?"

அவள் கோபம் அப்படியே இறங்கியது.

"அவருக்குப் பின்னால நின்னது நீயா?" என்று கேட்டாள்.